நாம் தேடிய பக்குவம்

எம் கல்லூரித் தாயின் விழா மலருக்குப் பழைய மாணவர் தத்தம்மைப் பற்றிய குறிப்பொன்று அனுப்புதல் வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். அவர் அனுப்பிய படிவத்திலே 'தொழில்' என்றொரு கட்டம் இருந்தது. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்றவர்கள் அக் கட்டத்தில் வைத்தியர் என்றும், பொறியியலாளர் என்றும், கணக்காளர் என்றும் ஒரு சொல்லில் எழுதி நிமிர்ந்திருப்பர். எமக்கு அவ்வாய்ப்பு இல்லை. சில ஆண்டுகள் பிறநாட்டில் விஞ்ஞானம் படிப்பித்தோம். பின்னர்க் கப்பற் கம்பனியொன்றிற் கணக்கெழுதினோம். அதன் பயனாக ஊர் ஊராகத் திரிந்தோம். திரிந்த இடமெல்லாம் உண்டோம். உண்டவற்றைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினோம். இவையனைத்தும் ஒரு கட்டத்துள் அடங்காமையின் இக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

உணவைப் பற்றி எழுதுபவன் என்று எம்மை அறிமுகஞ் செய்யுந்தோறும் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு நகை அரும்புதல் வழக்கம். "சாப்பாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்பார் சிலர். கலியாண வீடுகளிற் பந்திக்கு அமர்ந்தால், "எந்த நாட்டுச் சாப்பாடு ஐயா திறம்?" என்று பக்கத்து இலைக்காரர் கேளாமல் விடார். இக் கேள்விக்கு நாம் சொல்லும் விடை எவருக்கும் நிறைவு தருவதில்லை. சுவையைத் தரம் பிரித்து வரிசைப்படுத்துதல் எமது வேலையன்று. அவரவர்க்கு அவரவர் அன்னை இட்ட சோறே திறம். நாம் தேடித் திரிந்தது வேறொன்று. அதனை எம்மூரார் 'பக்குவம்' என்னும் சொல்லாற் குறிப்பர். ஒரு பொருளை எப்படி ஊறவைப்பது, எவ்வளவு நேரம் அவிப்பது, எந்த நீரைக் கொட்டுவது, எந்த நீரை வைத்திருப்பது என்னும் அறிவு அது. எழுத்தறியாத பெண்களின் கைகளிலே பல நூறு ஆண்டுகளாக இருந்துவரும் அவ்வறிவை எழுத்தில் ஏற்றுவதே எம் தொழில் எனக் கொள்க.

எமக்கு இவ்வழியில் முதற் பாடம் கற்பித்தது இக் கல்லூரியின் விடுதிச்சாலையேயாம். ஆங்கு நாள்தோறும் படைக்கப்பெற்ற பருப்பும், கத்தரிக்காய்க் குழம்பும், சொதியும் மாறாதவை. அவற்றைப் பற்றி அக்காலத்து மாணவர் இயற்றிய வசைகளை இம் மலர் ஏற்காது. ஆயின் ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் விடுதிக்கு வந்திறங்கிய பெட்டிகள் வேறு கதை சொல்லின. தீவுப் பகுதியிலிருந்து வந்தவன் பெட்டியிற் பனாட்டும் புழுக்கொடியலும் இருக்கும். பருத்தித்துறைப் பக்கத்தவன் தட்டை வடை கொணர்வான். வன்னியான் போத்தலில் தேன் கொணர்வான். மட்டக்களப்பான் தன்னூர்க் கட்டித் தயிரைக் கொணர முடியாத குறையை எருமைத் தயிரின் பெருமை பேசியே ஆற்றிக்கொள்வான். வகுப்பறையிற் படத்தைப் பார்த்துப் படித்த பூமிசாத்திரத்தை விடுதியில் நாவினாற் படித்தோம். ஒவ்வோர் ஊரும் தன் மண் தந்ததைக் கெடாது வைத்திருக்க ஒரு வழி கண்டிருந்தது என்பது அப்பொழுதே எம் மனத்திற் பதிந்தது.

1980களிலே இலங்கை ஆசிரியர் பலர் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கச் சென்றனர். அவருள் நாமும் ஒருவர். அந்நாட்டின் தென்பகுதியிலே மரவள்ளிக்கிழங்கே மக்களின் உயிர். உலகில் மரவள்ளி மிகுதியாக விளையும் நாடும் அதுவே. எம் மாணவன் ஒருவன் வீட்டில் அவன் அன்னையார் கிழங்கைத் தோல் நீக்கித் துருவிச் சாக்கிலிட்டு, அதன்மேற் பாரமான கற்களை ஏற்றி வைத்திருந்தார். நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சில நாட் சென்றபின், புளித்து உலர்ந்த அத் துருவலை அரித்து, அகன்ற தட்டிலே வறுத்தெடுத்தார். அதனை அவர்கள் 'காரி' என்பர். கொதிநீரிற் காரியைத் தூவிக் கிண்டி உருண்டையாக்கி, வலக்கையாற் பிட்டுக் குழம்பில் தோய்த்து உண்பர். கையால் உண்ணும் எமக்கு அப் பந்தியில் எவரும் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாளே வறுத்துத் தந்தால் ஆகாதோ என்று அவ்வம்மையாரை விளையாட்டாகக் கேட்டோம். மகன் மொழிபெயர்த்தான். "நாள் நிறையாத காரியை எங்கள் வீட்டு நாய்க்கும் போட மாட்டேன்" என்பது அவர் தந்த மறுமொழி. அவர் இரசாயனம் படித்தவரல்லர். படிப்பித்த நாமோ அம்மொழியின் பொருளை எண்ணி வியந்தோம். மரவள்ளிக் கிழங்கில் நஞ்சாக மாறத்தக்க பொருளொன்று உண்டு. துருவும்போது கிழங்கிலுள்ள நொதியம் அப்பொருளைச் சிதைத்து ஐதரசன் சயனைட்டை வெளிப்படுத்துகிறது. அது பிழியும் நீரோடு ஒரு பங்கு போக, வறுக்கும் வெப்பத்தில் மறு பங்கு போகிறது. எம்மூரில் மரவள்ளியைச் சட்டி மூடாமல் அவிக்க வேண்டுமென்று பெரியோர் சொல்வதன் உட்பொருளும் ஆவியாகும் அந்நஞ்சைப் போக்குவதே. இரண்டு கரைகளில் இருந்த இரு பெண்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே பகைவனை இரு வழியால் வென்றிருக்கின்றனர்.

அச் சாக்கைப் பார்த்தபொழுது எம் நினைவு ஒடியலுக்கே சென்றது. பனம்விதையைப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணிட்டு, சில மாதம் சென்றபின் கிண்டினால் கிழங்கு கிடைக்கும். அதனைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கினால் ஆண்டு முழுவதும் கெடாது. ஆயின் அம்மா கசக்கும். அக்கசப்பு உடலுக்கும் ஆகாது. ஆதலின் மாவை நிறைந்த நீரில் ஊறவிட்டு, மா அடியில் மண்டியபின் மேல்நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்த பின்னரே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பர். 1942 ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, பர்மா அரிசி இலங்கைக்கு வருதல் நின்று கூப்பன் முறை வந்த காலத்தில், தம் வீட்டைத் தாங்கியவை பனையும் மரவள்ளியுமே என்று எம் அன்னையார் கூறுவார்.

பக்குவம் அறிந்த குடி அறியாமலே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதற்கு மலேசியாவிலே ஒரு சான்று கண்டோம். எம்மவரிற் பலருடைய பாட்டன்மார் புகைவண்டிப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவியிலும் மலாயாவிற் பணியாற்றியவர்கள். அவ்வழி வந்த உறவினர் ஒருவர் வீட்டிற் கோலாலம்பூரில் விருந்துண்டபோது, எம் இலையில் விழுந்தது புழுங்கலரிசிச் சோறு. "இத்தனை ஆண்டாகியும் இதை விடவில்லையா, அக்கா?" என்றோம். "விட்டால் வயிறு நிறையாது, தம்பி" என்றார் அவர்.

அவர் அறியாத ஒரு வரலாறு அச்சோற்றுக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயாற் பெருந்தொகையாக மாண்டனர். அருகே தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடை அந்நோய் அருகியே காணப்பட்டது. சீனர் உண்டது நன்கு தீட்டிய பச்சையரிசி; தமிழர் உண்டது புழுங்கல். 1905 ஆம் ஆண்டிலே பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவசாலையில் இருந்தவர்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குப் பச்சையரிசியும் மற்றப் பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசி உண்டவர் பலர் நோயுற்றனர். புழுங்கல் உண்டவரிடை நோய் புதிதாகத் தோன்றவில்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, யாவாவில் ஐக்மன் என்னும் ஒல்லாந்தர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியை இட்டு அவை நோயுறக் கண்டிருந்தார். அதன் பயனாக 1929 இல் நோபெல் பரிசிற் பங்கும் பெற்றார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே புகுந்து தங்குகிறது என்பது இன்று அறியப்பட்ட உண்மை. நெல் அவித்த எம் பாட்டிமாருக்குத் தயமின் என்னும் பெயர் தெரியாது. அவர்தம் பிள்ளைகள் நோயின்றி வாழ்ந்தனர்.

இதற்கு மறுதலையான வரலாறும் உண்டு. மெக்சிக்கோவின் தென்பகுதியிலே ஒஹாகா என்னும் ஊரில் ஒரு வாரம் தங்கினோம். அங்குள்ள பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரிற் கொதிக்க வைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழன்ற மணிகளைக் கழுவி அரைத்து மெல்லிய உறொட்டி தட்டுகின்றனர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் எமக்கு, உணவுத் தானியத்துக்குச் சுண்ணாம்பிடுதல் புதுமையாகத் தோன்றியது. இப் பக்குவம் ஐரோப்பியர் அந்நாட்டிற் கால்வைப்பதற்குப் பன்னூறாண்டு முற்பட்டது.

1492 இற்குப் பின் ஐரோப்பியர் சோளத்தின் விதையைக் கப்பலேற்றித் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பு நீரைப் பற்றி அவர்கள் எவரையும் கேட்கவில்லை. வட இத்தாலியின் ஏழைக் கமக்காரர் சோளமாவைக் கிண்டிக் களியாக்கி, ஆண்டு முழுவதும் அதனையே உண்டு வாழ்ந்தனர். அவர்தம் தோல் வெடித்தது; வயிறு கழிந்தது; சித்தம் கலங்கியது; பலர் மாண்டனர். 1771 இல் அந்நாட்டு மருத்துவர் பிராப்பொலி அந்நோய்க்குப் பெலாக்ரா என்று பெயரெழுதி வைத்தார். காரணமோ நெடுங்காலம் விளங்கவில்லை. 1914 முதல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆராய்ந்த கோல்ட்பேகர், அது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என நிறுவினார். 1937 இல் நயாசின் என்னும் சத்தே அக்குறை எனத் தெளிவாயிற்று. சோளத்தில் நயாசின் உண்டு. ஆயின் உடல் ஏற்கமுடியாதவாறு கட்டுண்டு கிடக்கிறது. அக்கட்டை அவிழ்ப்பது சுண்ணாம்பு நீர். விதை கடல் கடந்தது; பக்குவம் கடல் கடக்கவில்லை. அதனாலே ஏழைகள் தலைமுறை தலைமுறையாக வருந்தினர். வெரோனா நகரில் ஓர் உணவுச்சாலையிலே பொன்னிறமான அக்களியை வெண்ணெயும் பாற்கட்டியும் சேர்த்து எம்முன் வைத்தபோது, அதன் சுவையை மறுக்க எம்மால் இயலவில்லை. அவ்வரலாற்றை மறக்கவும் இயலவில்லை.

அது பிறர் கதை என்று வாளா இருந்துவிடல் ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோ நகரில் எம் மகள் வீட்டிற் தங்கியிருந்தோம். அயல்வீட்டு இளம்பெண், கனடாவிலே பிறந்து வளர்ந்தவள், ஒரு மாலை ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "மாமா, அம்மம்மா வைத்த கூழ் கசப்பதே இல்லை. நான் வைத்தது ஏன் கசக்கிறது? எல்லாம் அவர் போட்டது போலத்தான் போட்டேன்" என்றாள். அம்மம்மா அதற்கு முந்திய ஆண்டிற் காலமாகியிருந்தார். பேத்திக்குக் கூழின் நினைவு இருந்தது, நிறம் நினைவிருந்தது, மரக்கறிகளின் பெயர்களும் நினைவிருந்தன. முதல் நாளிரவு சமையலறை மூலையில் ஒரு பாத்திரத்தில் மா ஊறிக்கொண்டிருந்ததையும், நீரை வடித்து வடித்து ஊற்றியதையும் அவள் கண்டிருக்கவில்லை. அவள் உறங்கிய பின்பு நிகழ்ந்த காரியம் அது. மாப்பொதியை வாங்கிப் பார்த்தோம். நிறையும், விலையும், காலாவதித் திகதியும் செவ்வனே அச்சிடப்பட்டிருந்தன. ஊறவைத்து நீரை வடித்தல் வேண்டும் என்னும் ஒரு வரி அதில் இல்லை.

சோளத்துக்கு நேர்ந்தது ஒடியலுக்கும் நேர்ந்துவிட்டது என்பதை அக் கிண்ணத்தில் நாம் கண்டோம். கடந்த நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் எம் மக்களைப் பல நாடுகளிற் சிதறவைத்தன. பனைகளும் எண்ணிறந்தன அழிந்தன. பனையை மீண்டும் நடலாம், விதை உண்டு. பக்குவத்தின் விதையோ முதியோர் கையிலன்றி வேறெங்கும் இல்லை. அக்கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

உணவை எழுதுதல் அறிஞர்க்கு ஒவ்வாத வேலை என எண்ணுவார் எம் இலக்கியத்தை மறந்தவராவர். புறநானூற்றிலே ஆலத்தூர் கிழார் சோழன் நலங்கிள்ளியின் படைப் பெருமையைக் கூற வந்தவர், அதனைப் பனையைக் கொண்டே அளக்கிறார். ஒரு பனங்காட்டைக் கடக்கும் அப்படையின் முன்னணியினர் நுங்கு உண்கின்றனர். இடையில் வருவோர் பழம் உண்கின்றனர். கடையில் வருவோர்க்குச் சுட்ட கிழங்கே கிடைக்கிறது. நுங்கு முற்றிப் பழமாகி, பழத்தின் விதை கிழங்காகும் வரை படை நடந்துகொண்டே இருக்கிறது! பனையின் பருவம் அறியாத புலவர் இதனைப் பாடியிருக்க மாட்டார். அண்மைக் காலத்திலே நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவர்க்குப் பாடிய பாட்டில், பயறு வறுப்பது முதல் கூழ் காய்ச்சுவது ஈறாகப் பக்குவம் முழுவதையும் வைத்துச் சென்றார். அப்பாட்டைப் பாடத் தெரிந்த பிள்ளை எந்நாட்டில் இருந்தாலும் ஆடிக்கூழின் வழியை அறியும். ஒடியற் கூழுக்கு அத்தகைய பாதுகாப்பு வாய்க்கவில்லை.

ஆதலின் இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கு எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் ஒரு பக்குவத்தைக் கேட்டு எழுதுங்கள். "பார்த்துப் போடு" என்பார், அதனோடு விட்டுவிடாதீர்கள். அவர் அள்ளும் சிறங்கையை ஒரு தட்டிற் கொட்டுவித்து நிறுத்துப் பாருங்கள். எத்தனை சுண்டு, எத்தனை நாழிகை என்று குறியுங்கள். எதை ஊற்றுகிறார், எதைக் கொட்டுகிறார், முதல் நாளிரவு என்ன செய்து வைத்தார் என்பதைக் கண்ணாற் கண்டு எழுதுங்கள். ஏன் என்று கேளுங்கள். காரணம் தெரியாதென்பாராயின் செய்கையை மட்டுமாவது எழுதுங்கள். காரணத்தை உங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஆராயட்டும். கல்லூரி நூலகத்திலே இதற்கென ஒரு தடித்த கொப்பியை வைத்து ஆண்டுதோறும் நிரப்பினால், அடுத்த விழா மலர் வருமுன் ஒரு நூல் ஆகிவிடும். கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் தத்தம் வீட்டுப் பக்குவம் ஒன்றை எழுதியனுப்பலாம்.

பிறர்க்குச் சொல்வதை நாமே முதலிற் செய்தல் முறையாதலின், எம் அன்னையார் காய்ச்சிய சைவ ஒடியற் கூழின் பக்குவத்தை ஈண்டுத் தருகின்றோம். ஒரு சுண்டு ஒடியல் மாவை முதல் நாளிரவே பெரிய பாத்திரத்தில் நிறைய நீர் விட்டுக் கரைத்து வைக்கவும். மா மண்டியதும் மேல்நீரை வடித்துப் புதுநீர் விடவும். விடியுமுன் மும்முறையாவது இவ்வாறு செய்யவும். மறுநாள் அகன்ற பானையில் நீர் கொதித்ததும் ஒரு சிறங்கை அரிசி, தோல் நீக்கிய பலாக்கொட்டை, சிறிதாக வெட்டிய மரவள்ளி, பயிற்றங்காய் ஆகியவற்றை இட்டு, மூடாமல் அவிக்கவும். அவை வெந்தபின் முருங்கையிலை சேர்க்கவும். செத்தல் மிளகாயை உப்புடன் அரைத்து, பழப்புளியைக் கரைத்து வடித்து, இரண்டையும் ஊறிய மாவோடு கலந்து பானையில் ஊற்றி, அடிப்பிடியாமற் துழாவவும். கூழ் தடித்துக் கொதித்ததும் இறக்கவும். பனையோலைப் பிளாவில் வார்த்து, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடித்தல் நன்று. மச்சம் உண்ணும் வீட்டார் மீனும் நண்டும் இறாலும் சேர்ப்பர். அவர்க்கும் மாவின் முறை இதுவேயாம்.

இப் பக்குவத்தைப் படித்துச் சமைப்போர் வேறெதனைக் கூட்டினும் குறைப்பினும் குற்றமில்லை. கசப்பு நீரை வடிக்க மட்டும் மறவற்க.

எம் கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!